பள்ளிக்கும் பட்டறைக்கும் வழி கண்ட பாபாசாகேப்



மத்திய இந்தியாவில் மாவ் என்னும் தண்டில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, ராம்ஜி சக்பால் என்பாருக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காம் மகவாகப் பிறந்தவர் பீமராவ். அவரே பின்னாளில் நாம் பாபாசாகேப் என்று போற்றும் டாக்டர் அம்பேத்கர் ஆவார். அப்பெருமகனாரின் சரித்திரம் நம் இல்லங்களில் அறியப்படாதது அன்று. மகத் குளத்துப் போராட்டம், வட்டமேஜை மகாநாடு, பூனா உடன்படிக்கை, அரசியல் சட்டம், நாகபுரித் தீட்சை ஆகியவற்றை நம் வீட்டுச் சிறுவர்களும் வரிசையாகச் சொல்வர். ஆதலின் அவற்றை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. ஏழையின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிலைப்பதற்கும், தேர்ந்த தொழிலாளியாகப் பட்டறைக்குள் நுழைவதற்கும் அவர் தம் வாழ்நாளெல்லாம் செய்த முயற்சி நம்மவர் பலரும் கேளாத பகுதி. அதனையே இக்கட்டுரையில் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

தந்தையார் ராம்ஜி ஆங்கிலப் படையில் சுபேதார் பதவி வகித்தவர். பூனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்று, படைப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அக்காலத்தில் சிப்பாய்களின் குடும்பத்தார்க்குக் கல்வி கட்டாயமாக அளிக்கப்பட்டு வந்தது. பிள்ளைகளுக்குப் பகற்பள்ளியும் வயது வந்தோர்க்கு இராப்பள்ளியும் இருந்தன. கிராமத்துப் பள்ளியின் வாசற்படியை மிதிக்கவும் உரிமையற்றிருந்த மகார் வகுப்பினரில், படைவீரர் வீடுகளில் மட்டும் விளக்கேற்றி வைத்துப் படிக்கும் வழக்கம் உண்டானது இதனாலேயே. அன்பர்கள் இதனைக் கருத்தில் இருத்தல் வேண்டும். சர்க்கார் கட்டாயம் என்று விதித்து, அதற்கு வேண்டிய பணத்தையும் ஒதுக்கிய இடத்தில் கல்வி ஏழையைத் தேடி வந்தது. மேற்குலத்தாரின் மனமிரக்கத்தை நம்பியிருந்த இடத்தில் அது வரவேயில்லை. பீமராவ் கைக்குழந்தையாயிருந்த 1890களின் தொடக்கத்திலேயே மகார்களைப் படையிற் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. சம்பளத்தோடு சேர்ந்து பள்ளிக்கூடமும் அக்குலத்தாரின் கையை விட்டுப் போயிற்று.

சாதாராவில் பயின்றபோது சிறுவர் பீமராவ் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற கோணிச் சாக்கை விரித்து, மற்றப் பிள்ளைகளை விட்டு விலகி அமர நேர்ந்தது. தாகமெடுத்தால் பள்ளிச் சேவகன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும்; சேவகன் வாராத நாளில் தண்ணீரும் இல்லை. பிற்பாடு குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்து, ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடியேறிற்று. சமையல், படுக்கை, படிப்பு ஆகிய மூன்றிற்கும் அவ்வறை ஒன்றே. மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, தந்தையார் பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கின் முன் பாடம் நடக்கும். சமஸ்கிருதம் பயில விரும்பியும் இடம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்றார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அக்குலத்தில் அஃது அரிய செய்தியாகையால் பாராட்டுக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. அதில் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரித்திர நூலைப் பரிசாக அளித்தார். நம் பெருமகனார் பகவரின் பெயரை நெருங்கி அறிந்தது அந்நூலின் வாயிலாகவே.

கேளுஸ்கர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்களிடம் எடுத்துச் சொல்ல, மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அதனைக் கொண்டு எல்பின்ஸ்டன் கலாசாலையில் பயின்று 1912இல் பி.ஏ. தேறினார். மறு ஆண்டு அம்மன்னரின் உதவியாலேயே அமெரிக்கா சென்று, நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்றார். திரும்பிவந்து பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் ஊழியம் புரிதல் வேண்டும் என்பது ஒப்பந்தம்.

சாயாஜிராவ் மன்னரைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1893இல் அம்ரேலி தாலுகாவில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிப் பார்த்து, 1906இல் அதனைத் தம் சமஸ்தானம் முழுமைக்கும் விரித்தவர் அவர். அதற்கு முன்பே, 1890இல், பரோடாவில் கலாபவன் என்னும் தொழிற்கல்வி நிலையத்தை நிறுவச் செய்தவரும் அவரே. எழுத்துப் பள்ளியும் தொழிற்பள்ளியும் இரண்டும் சர்க்காரின் கடமை என்று எண்ணிய அரசர் இந்நாட்டில் மிகச் சிலர். அவருடைய பணத்தில் படித்த பிள்ளை அக்கருத்தைத் தேசமளாவப் பேசியது பொருத்தமே ஆகும். ஆயினும் வினோதம் என்னவெனில், 1917இல் ஒப்பந்தப்படி அதே பரோடாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்ற நம் தலைவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அலுவலகத்துச் சேவகர்கள் காகிதக் கட்டுகளைக் கையில் கொடாமல் தூர நின்று எறிந்தனர். பார்சிகள் விடுதி ஒன்றில் குலத்தை மறைத்துத் தங்கியவர், தடி ஏந்தி வந்தோரால் வெளியேற்றப்பட்டார். மன்னரின் ஆணை பள்ளியைத் திறக்கும். மனிதரின் மனத்தைத் திறப்பதற்கு அது போதவில்லை. அவர் பம்பாய்க்குத் திரும்பி, சிடன்ஹாம் கலாசாலையில் பேராசிரியராகச் சம்பாதித்துச் சேர்த்த பணத்தோடு 1920இல் மீண்டும் லண்டன் சென்று, பொருளாதாரத்தில் உயர்பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923இல் நாடு திரும்பினார்.

இனிப் பொதுவாழ்க்கை. 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். மறு ஆண்டே சோலாப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு ஒரு விடுதி திறக்கப்பட்டது. நம்மவர் பிள்ளைகள் பள்ளியில் நில்லாமைக்கு அறிவுக்குறை காரணம் அன்று. ஊர்விட்டு ஊர் வந்தால் உண்ணவும் உறங்கவும் இடமில்லாமையே காரணம் என்பதை அவர் தம் உடம்பிலேயே அறிந்தவர். 1928இல் தாழ்த்தப்பட்ட வகுப்பார் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்து, சர்க்கார் உதவியோடு ஐந்து விடுதிகளை ஏற்று நடத்தச் செய்தார்.

பம்பாய்ச் சட்டசபையில் நியமன அங்கத்தினராக அமர்ந்ததும் அவர் முதலில் பேசிய பெரிய விஷயங்களில் கல்விச் செலவும் ஒன்று. 1927 மார்ச் மாதம் அவர் ஆற்றிய உரையில் இரண்டு கணக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று, பம்பாய் மாகாணத்தில் சர்க்கார் தலைக்குப் பதினான்கு அணா கல்விக்குச் செலவிட்டு, கள் சாராயத் தீர்வையாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலித்தது. மற்றொன்று, தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்பை எட்டுவோர் பதினெட்டுப் பேர். எஞ்சிய எண்பத்திரண்டு பேரும் கற்ற எழுத்தை மறந்து பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றனர். பொருளாதாரம் கற்றவர் ஆகையால் தருமம், கருணை என்னும் சொற்களை அவர் நாடவில்லை. மக்களிடம் வாங்கிய பணத்தில் கல்விக்காக மக்களுக்குத் திரும்புவது எவ்வளவு என்று வினவினார். குடிப்பவனிடம் வாங்கிய வரியேனும் அவன் பிள்ளையின் படிப்புக்குச் செல்லட்டும் என்பது அவ்வினாவின் உட்கிடை. பள்ளியைத் திறப்பது பாதி வேலை. பிள்ளையை அதில் நிறுத்தி வைப்பதே மீதி வேலை என்பதை அந்த எண்பத்திரண்டு என்னும் எண் அறிவிக்கிறது.

இனி ஆலைக்கு வருவோம். பம்பாய் நூல் ஆலைகளில் நம் தலைவரின் குலத்தார் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். ஆயினும் நெசவு இலாகாவில் அவர்களுக்கு இடம் கிடையாது. நூற்பு இலாகாவும், பெருக்கல், சுமத்தல் போன்ற வேலைகளுமே அவர்களுக்கு. நெசவுக் கூலி நூற்புக் கூலியை விட அதிகம் என்பது ஆலையில் நின்றவர் எல்லோரும் அறிந்தது. இவ்விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணத்தை இளைஞர்கள் நம்பவும் மாட்டார்கள். நாடாத் தறிகளில் வேலை செய்த என் போன்றோர்க்கு அது விளங்கும். தார் தீர்ந்தால் புதுத் தாரை நாடாவில் மாட்டி, நூலின் நுனியை நாடாவின் கண்வழியே வெளியே கொணர்தல் வேண்டும். அதற்கு எளிய வழியாக நெசவாளர் அக்கண்ணில் வாய்வைத்து உறிஞ்சுவர். ஒருவர் வாய்வைத்த நாடாவில் அடுத்த முறைக்காரரும் வாய்வைக்க வேண்டியிருக்கும். தாழ்த்தப்பட்டவரின் எச்சில் பட்ட நாடாவைத் தாங்கள் தொடமாட்டோம் என்று ஏனைய தொழிலாளர் மறுத்தனர். முதலாளி செய்த சூழ்ச்சி அன்று இது. பக்கத்தில் நின்று உழைக்கும் தொழிலாளியே எழுப்பிய சுவர். சில அங்குல நீளமுள்ள ஒரு மரத்துண்டு ஒரு குலத்தையே பல தலைமுறைகள் குறைந்த கூலியில் நிறுத்தி வைத்தது.

1928இல் பம்பாய் ஆலைகளில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் தொழிலாளர் ஆறு மாத காலம் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது டாக்டர் அம்பேத்கர் வேலைநிறுத்தத் தலைவர்களிடம் சென்று, நெசவு உட்பட எல்லா வேலைகளிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமை உண்டு என்பதைத் தொழிலாளர் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும், இன்றேல் தம் மக்களை வேலைநிறுத்தத்தில் நிற்க வேண்டாம் எனச் சொல்லிவிடுவதாகத் தெரிவித்தார். தொழிலாளர் ஒற்றுமை பேசியவர்கள் மனமில்லாமலே அதனைச் சேர்த்தனர். கோரிக்கை முதலாளிகளிடம் சென்றபோது அவர்கள், இந்த அநீதிக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று விடையளித்தனர். அவ்விடையில் உண்மையும் இருந்தமையே நமக்கு வருத்தம். ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வதற்கு முதற்படி அத்தொழில் நடக்கும் இடத்தில் நிற்க விடுவதாகும். நிற்க விடாதவிடத்து எந்தப் பயிற்சித் திட்டமும் பயன் தாராது.

இரயில்வேயிலும் கதை வேறில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாட் நகரில் ஜி.ஐ.பி. இரயில்வேத் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மகாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அங்கே அவர் நிலைமையை விளக்கிச் சொன்னார். இருப்புப்பாதை செப்பனிடும் கூலியாளாகவே நம்மவன் வேலையைத் தொடங்கி, அவ்வாறே முடிக்கிறான். ஸ்டேஷனில் போர்ட்டராகவும் அவனைச் சேர்ப்பதில்லை. ஏனெனில் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தம் வீட்டு வேலைக்கும் ஏவுவது வழக்கம், தீண்டாதவன் வீட்டுக்குள் வரலாகாது. பட்டறைகளிலோ அவன் மெக்கானிக்காக இருப்பதே அரிது. போர்மன் ஆவது நினைக்கவும் இயலாதது. படிப்பில்லை என்பதால் பதவியில்லை என்று பிறர் சொல்வர். பதவியே கிடையாது என்று தெரிந்த பின் படிப்பதற்கு எவன் துணிவான் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொழிற்கல்வி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தந்தை செய்த தொழிலையே மகனும் செய்யப் பழகுவது ஒன்று. தந்தைக்கு மறுக்கப்பட்ட தொழிலை மகன் கற்பது மற்றொன்று. தமிழ் அறிந்த நமக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. சென்னை இராஜ்யத்தில் 1953இல் இராஜாஜி மந்திரிசபை கொணர்ந்த திட்டப்படி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் மூன்று மணி நேரம் மட்டும் பாடம் கேட்டு, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றாயிற்று. குலக்கல்வித் திட்டம் என்று நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. 1954இல் காமராஜர் முதன்மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. அதனை வகுத்தோரும் கைத்தொழிலின் பெருமையையே பேசினர். ஆனால் மலக்கூடை சுமப்பவன் மகன் எப்பட்டறையில் நின்று எதனைப் பழகுவான் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. பாபாசாகேப் கேட்ட தொழிற்பயிற்சி இதற்கு நேர்மாறானது. அவர் கேட்டது இயந்திரமும் விஞ்ஞானமும். சர்க்கார் அச்சகமும் இரயில்வேப் பட்டறையும்.

அக்கோரிக்கையை அவர் எழுத்தில் வடித்துக் கொடுத்தது 1942இல். அவ்வாண்டு ஜூலையில் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா அங்கத்தினராகப் பதவியேற்ற அவர், அக்டோபர் 29ஆம் தேதி லின்லித்கோ பிரபுவிடம் தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விவரிக்கும் நீண்ட விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பித்தார். அதில் கல்வியைப் பற்றிய பகுதி நம் இளைஞர் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டியது. கலைப் பாடமும் சட்டமும் பயின்ற பட்டதாரிகளால் மட்டும் நம் மக்கள் முன்னேற இயலாது. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் கற்றோர் வேண்டும். அப்படிப்போ செலவு மிக்கது, நம் பெற்றோரின் கைக்கு எட்டாதது. ஆகையால் சர்க்காரே பணம் தருதல் வேண்டும் என்பது அவர் வாதம். காசி இந்து சர்வகலாசாலைக்கும் அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலைக்கும் மத்திய சர்க்கார் மானியம் கொடுத்து வந்ததைச் சுட்டி, நம்மவர்க்கு ஏன் இல்லை என்று கேட்டார். இந்தியாவிலேயே விஞ்ஞான, தொழில்நுட்பக் கல்வி பயில்வோர்க்கு ஆண்டுக்கு இரண்டு இலட்ச ரூபாயும், அயல்நாடு சென்று பயில்வோர்க்கு ஒரு இலட்ச ரூபாயும் கோரினார். அத்தோடு நில்லாமல், சர்க்கார் அச்சகங்களிலும் இரயில்வேப் பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சித் தொழிலாளராகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார்.

சட்டக் கலாசாலையின் தலைவராயிருந்தவர், தம் புகழுக்கெல்லாம் சட்டப் படிப்பே துணையாய் நின்றவர், தம் மக்கள் சட்டத்தை மட்டும் நாடுவது போதாது என்று எழுதியது சிறிய காரியம் அன்று. நம்மவரிலே சிலர் மகனை மேஜைமுன் அமர்த்துவதையே படிப்பின் பயன் எனக் கருதி, கையில் எண்ணெய் படியும் வேலையைத் தாழ்வாக எண்ணுகின்றனர். அவர்கள் பாபாசாகேபின் படத்துக்கு மாலையிட்டு வணங்குவோரும் ஆவர். கடைசல் இயந்திரத்தின் முன் நின்று ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகாமல் இரும்பைச் சீவுகிறவன் எந்தக் குமாஸ்தாவுக்கும் தாழ்ந்தவன் அல்லன். மறுபுறம், ஏழைக்குக் கைத்தொழில் போதும், கலாசாலை எதற்கு என்போரும் உளர். அவர்கள் பேச்சுக்கும் அவர் இடங்கொடுத்தவர் அல்லர். பின்னே சொல்லப்போகும் கலாசாலைகளே அதற்குச் சான்று.

விண்ணப்பத்தின் பயனாகத் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு ஆண்டுக்கு மூன்று இலட்ச ரூபாய் உபகாரச் சம்பள நிதியைச் சர்க்கார் ஒதுக்கிற்று. 1944 முதல் அது வழங்கப்படலாயிற்று. மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கு நம் பிள்ளைகள் பிற்காலத்தில் பெற்றுவந்த மத்திய உபகாரச் சம்பளத்திற்கு இதுவே வித்து. இதனிடையே 1943 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு எட்டே மூன்றில் ஒரு பங்கு இடம் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. படிப்பும் அதன் முடிவில் வேலையும் ஒரே காலத்தில் திறந்ததால்தான் அவ்வுதவி வீண்போகவில்லை.

தொழிலாளர் இலாகாவில் அவர் கையில் இருந்த மற்றொரு கருவி யுத்தகாலப் பயிற்சித் திட்டம். இரண்டாம் உலகப்போருக்கு வேண்டிய பிட்டர், டர்னர், வெல்டர் முதலிய தொழிலாளரை விரைவில் தேற்றுவதற்காக 1940 முதல் நாடெங்கும் பயிற்சி நிலையங்கள் நடந்து வந்தன. இங்கிலாந்து மந்திரி பெவின் பெயரால் வழங்கிய திட்டத்தின் கீழ் இந்திய இளந்தொழிலாளர் அணி அணியாக இங்கிலாந்து சென்று பயின்று வந்தனர். இவை யாவும் தொழிலாளர் இலாகாவின் பொறுப்பு. தந்தையிடம் தனயன் பழகுவதும் மேஸ்திரியின் காலில் விழுந்து தொழிலைத் திருடிக் கற்பதுமே வழக்கமாயிருந்த தேசத்தில், எந்தக் குலத்தானும் சில மாதங்களில் ஒரு தொழிலைப் பாடத்திட்டப்படி கற்கலாம் என்பதை அந்நிலையங்கள் மெய்ப்பித்துக் காட்டின. மேஸ்திரி மறைத்து வைப்பது இயந்திரத்தின் இரகசியம் அன்று, தன் பிழைப்பின் இரகசியம்; அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போர் முடியும் தறுவாயில், 1945இல், படையிலிருந்து திரும்புவோர்க்கு மறுவாழ்வும் வேலையும் தேடித்தரத் தலைமை இயக்ககம் ஒன்று அதே இலாகாவில் ஏற்பட்டது. வேலைவாய்ப்பு நிலையங்கள் அதன் வழி வந்தவை. சுதந்திரம் அடைந்தபின் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், அதன் கீழ்த் தோன்றிய ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இம்மரபில் வளர்ந்தவையே. 2015இல் திறன் மேம்பாட்டு மந்திரிசபைக்கு மாற்றப்படும் வரையில் அவை மத்தியில் தொழிலாளர் இலாகாவின் பொறுப்பிலேயே இருந்தன. அவற்றையெல்லாம் டாக்டர் அம்பேத்கர் ஒருவரே படைத்தார் என்று சொல்வது மிகை. அவரே அதை ஒப்பமாட்டார். அடித்தளம் இடப்பட்ட 1942 முதல் 1946 வரையான காலத்தில் அவ்விலாகாவை நடத்தியவர் அவர் என்பது மட்டும் உண்மை.

அடுத்து அரசியல் நிர்ணய சபை. 1948 நவம்பர் 23ஆம் தேதி கட்டாயக் கல்வியைப் பற்றிய விதி விவாதத்துக்கு வந்தது. பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கச் சர்க்கார் பத்தாண்டுக்குள் முயலுதல் வேண்டும் என்பது விதி. தொடக்கக் கல்வியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓர் அங்கத்தினர் திருத்தம் கொணர்ந்தார். நம் தலைவர் அதனை ஏற்கவில்லை. அவர் காட்டிய காரணம் ஆலைத் தொழிலாளிக்கே உடனே விளங்கக்கூடியது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கலாகாது என்று அதே சட்டத்தின் வேறொரு விதி தடுக்கிறது. பத்து வயதில் பள்ளியை முடித்துவிட்டு, பதினான்கு வரை வேலையும் இல்லையென்றால் அப்பிள்ளை எங்கே நிற்பான்? ஆகையால் அவ்வயது முடியும்வரை அவன் ஏதேனும் ஒரு கல்விக்கூடத்தில் இருந்தே ஆகவேண்டும். இவ்விதமாகப் பள்ளி விதியையும் ஆலை விதியையும் ஒன்றோடொன்று பாவும் ஊடையும் போலப் பின்னினார். ஆயினும் குறித்த பத்தாண்டு 1960இல் கழிந்தது. விதி ஏட்டிலேயே இருந்தது. 2002இல் எண்பத்தாறாம் திருத்தத்தால்தான் ஆறு முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டில் முடிக்கச் சொன்னதை அறுபதாண்டு இழுத்தடித்ததில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் தேநீர்க்கடையிலும் தீப்பெட்டிக் கூடத்திலும் கைதேய்ந்தனர் என்பதை யார் கணக்கிட வல்லார்?

சர்க்காரை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டும் அவர் இருக்கவில்லை. 1945 ஜூலை 8ஆம் தேதி மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவினார். அதன் சார்பில் 1946 ஜூன் 20ஆம் தேதி பம்பாயில் சித்தார்த்தா கலாசாலை திறக்கப்பட்டது. காலை வேளையிலேயே வகுப்புகளை முடித்துவிடும் ஏற்பாடு அங்கே உண்டு. ஏழை மாணவன் பின்னர்ப் பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துப் பிழைக்கலாம். 1950இல், அக்காலத்தில் ஔரங்காபாத் என வழங்கிய நகரில், மிலிந்தா கலாசாலையாகப் பெயர் பெற்ற உயர்கல்விக்கூடம் திறக்கப்பட்டது. மராத்வாடா என்னும் அப்பிரதேசம் நைஜாம் ஆட்சியில் பள்ளிக்கே ஏங்கிக் கிடந்தது. கட்டடம் எழும்போது அவர் அங்கே தங்கி, நேரில் நின்று மேற்பார்த்தார். அவ்வளாகத்திற்கு நாகசேனவனம் என்று பெயர். தீட்சை பெற்றது 1956இல். முதற்கலாசாலைக்குப் பகவரின் இளமைப் பெயரைச் சூட்டியதோ அதற்குப் பத்தாண்டு முன்னர். மிலிந்தன் யவன அரசன். நாகசேன தேரரை ஓயாது வினவியவன். விடை கிடைத்தபின் தலைவணங்கியவன். கேள்வி கேட்பவனின் பெயரைக் கலாசாலைக்கு வைத்ததில் அவர் விரும்பிய மாணவன் எத்தகையவன் என்பது தெரிகிறது.

நம் தம்மத்தில் இதற்கெல்லாம் இடமுண்டோ என்று ஒருகால் ஓர் இளைஞர் வினவினார். உண்டு. எண்வழிப் பாதையில் நல்வாழ்க்கைத் தொழில் தனியோர் அங்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. பௌத்த இல்லங்களில் ஓதப்படும் மங்கல சூத்திரத்தில், மிகுந்த கல்வியையும் கைத்தொழில் தேர்ச்சியையும் நல்லொழுக்கப் பயிற்சியையும் பகவர் ஒருசேர மங்கலங்கள் என எண்ணியருளினார். கல்வி ஒருவர்க்கு, கைத்தொழில் மற்றொருவர்க்கு என்று அங்கே பிரிவினை செய்யப்படவில்லை. நாவிதராயிருந்த உபாலி தேரரே முதற்சங்கத்தில் வினயத்தை ஓதித் தந்தவர் என்பதும் நாம் அறிந்ததே. அவர் கையில் கத்தி பிடித்தது வினயத்தை மனத்தில் தாங்குவதற்குத் தடையாகவில்லை.

1956 அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற பாபாசாகேப், டிசம்பர் 6ஆம் தேதி தில்லியில் பரிநிர்வாணம் எய்தினார். அவருடைய திருவுடல் பம்பாய்க்குக் கொணரப்பட்டு, தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி தகனம் செய்யப்பட்டது. ஆலைகளும் அவர் வளர்ந்த பரேல் ஒற்றை அறையும் அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை.

1942 விண்ணப்பத்தில் அவர் கேட்டவற்றுள் உபகாரச் சம்பளம் இரண்டாண்டில் கிடைத்தது. பட்டறைகளில் பயிற்சித் தொழிலாளராகச் சேரும் உரிமை அவ்வளவு விரைவில் வரவில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டபோதும் அதில் நம்மவர்க்கென இடம் குறிக்கப்படவில்லை. 1973இல் அச்சட்டத்தைத் திருத்தி, தொழிற்சாலைகள் எடுக்கும் பழகுநர்களில் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்கும் பிரிவு ஒன்றைச் சேர்த்தனர். விண்ணப்பம் கொடுத்து முப்பத்தொரு ஆண்டுகளும், கொடுத்தவர் மறைந்து பதினேழு ஆண்டுகளும் ஆகியிருந்தன.